இருபத்துமூன்று பவுண்டு

பகல் ஷிப்டில் இரும்பை வார்க்கிறேன்.
சாகினா ஆற்றங்கரை வார்ப்பாலையில்
மணிக்கு நானூறு ஸ்டியரிங் கணுக்கள்,
செக்கச்செவேலென்று,
யார் யார் லாரிக்கோ.
ராத்திரி என் கராஜில்
என் காரிலிருந்து இரும்பைக் கழற்றுகிறேன்.
இதென்ன பிழைப்பு என்று கேட்டால்
கால் மைலுக்குப் பன்னிரண்டு புள்ளி ஒன்று என்பேன்.
பதினொன்றில் தொடங்கும் ஓர் எண்
போதும் எனக்கு.

பிப்ரவரி. கதவிடுக்கில் பனி.
பக்கத்து வீட்டு பெர்னடெட் வோஸ்,
தபால் நிலையத்தில் பத்தொன்பது வருஷம்,
பார்சல் தராசைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.
"லோவெல், கண்ணால் எடை போடுகிறவனுக்கு
பார்சல் திரும்பித்தான் வரும்" என்றாள்.

அட்டைப்பெட்டிக்குள் புதுசு:
மெல்லிய எஃகுக் குழாய்களை வளைத்து
மூலைக்கு மூலை தையல் போட்டதுபோல் வெல்டிங்.
ஒரு கையில் தூக்கிப் பார்த்தாள்.
"இதுவா என்ஜினைத் தாங்கப் போகிறது?
என் கொல்லையில் துணி காயப்போடும் கம்பம்
இதைவிடக் கனம்."

குறுக்கே ஒரு சட்டம் போட்டு
என்ஜினை மேலிருந்து கொக்கியில் கட்டினோம்.
ஸ்டியரிங் ரேக்கை அவிழ்த்துக் கம்பியில் தொங்கவிட்டோம்.
எது எங்கே உட்கார்ந்திருந்தது என்று
அவள் நகப்பூச்சால் குறித்தாள். ஆரஞ்சு நிறம்.
எட்டு போல்ட். ஏழு வந்தது.
எட்டாவது,
மிச்சிகன் சாலை உப்பில்
பதினாறு குளிர்காலம் ஊறியது.
எண்ணெய். காத்திருப்பு. தீ.
மறுபடி எண்ணெய்.
ஸ்பேனர் வாலில் நீளக் குழாயைச் சொருகி
முழு உடம்பையும் கொடுத்தேன்.
டக்.
போல்ட்டா, என் தோளா என்று
இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.
தலை என் மடியில். தண்டு காருக்குள்.

அந்த ராத்திரி அதோடு போயிற்று.

மறுநாள் துளைபோட்டு எடுத்தோம்.
ஜாக்கி மூச்சுவிட்டபடி இறங்க
பழைய சட்டகம் தரைக்கு வந்தது.
குனிந்து டார்ச் அடித்தேன்.
என்ஜினின் அடிவயிறு தெரிந்தது,
அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை.
நானூற்றைம்பது பவுண்டு
இரண்டு கொக்கியை நம்பி நின்றது.
வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவன்
நிறுத்திவிட்டேன்.

பழசு நாற்பத்திரண்டு. புதுசு பத்தொன்பது.
பெட்டிமேல் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி
கோடு கிழித்துக் கழித்தாள் பெர்னடெட்.
பிறகு தராசைக் காலால் என் பக்கம் தள்ளினாள்.
"நீயும் ஏறு. கிறிஸ்துமஸிலிருந்து
பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்."
இது பார்சலுக்கு என்றேன்.
"அதனால்தான்" என்றாள்.

ஏப்ரல் கடைசி ஞாயிறு ஓடினேன்.
பன்னிரண்டு புள்ளி பூஜ்யம் ஏழு.
சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.
அவள் கேட்கவில்லை. நல்லவள்.

திரும்பும் வழியில்தான் தெரிந்தது,
இந்தக் குழாய்ச் சட்டகத்துக்கு
எதையும் மறைக்கத் தெரியாது.
பாலத்தின் ஒவ்வொரு இணைப்பும் பல்லில் கேட்டது.
தார் ஒட்டுப்போட்ட இடம், செத்த பூனைக்கண் விளக்கு,
இடது சக்கரத்தில் எப்போதோ தொடங்கிய ஒரு முனகல்,
எல்லாம் நேரே உள்ளங்கைக்கு.
பதினாறு வருஷம் அந்தப் பழைய இரும்பு
இவ்வளவையும் தானே வைத்துக்கொண்டு
என்னை ஓட்டவிட்டிருக்கிறது.

அதைத் திங்கட்கிழமை வேலைக்குக் கொண்டுபோனேன்.
பழைய இரும்புக் குவியலில் போட்டதும்
காந்தக் கிரேன் வந்து
மற்றவற்றோடு சேர்த்து அள்ளியது.
ஆரஞ்சுப் புள்ளிகள் உலைவாய் வரை தெரிந்தன.

இப்போதெல்லாம் சிக்னலில்
புத்தம்புது லாரி ஒன்று பக்கத்தில் வந்து நின்றால்
அதன் முன்சக்கரத்தைப் பார்க்கிறேன்.
பச்சை விழுந்ததும்
என்னால் முந்த முடியும்.
அது போகட்டும் என்று விடுகிறேன்.