மேற்படி பட்டை

நெகானே லெக்குவோனா பேசினால் நான் எழுத வேண்டும்.
பாய்சி நகரில் நான்காம் மாடியில்
காப்புரிமை எழுதிக்கொடுப்பது என் பிழைப்பு.
"அது இப்படி ஆடும்" என்று அவள் கையை ஆட்டுவாள்.
"மேற்படி உருளை தன் மையத்திலிருந்து
விலகிச் சுழலும் நிலையில்" என்று நான் எழுதுவேன்.

முதல் தடவை கொண்டுவந்தது ஒற்றைத் தாள்.
அச்சிட்ட நீல வானம்,
வானம் முழுக்கப் பட்டை பட்டையாய்க் கோடு.
"முப்பத்தெட்டு மில்லிமீட்டருக்கு ஒன்று.
எந்தப் பல்சக்கரம் என்று இதை வைத்தே சொல்லலாம்."
நல்ல சக்கரம் போட்டால் இரண்டு டாலர் கூடும்,
வேண்டாம் என்றார்களாம் மேலே.
அவள் சக்கரத்தைத் தொடவே இல்லை.
அது தடுமாறும் கணத்தில்
லேசரை அதே அளவு எதிர்ப்பக்கம் தடுமாற வைத்தாள்.
கோணலுக்குக் கோணல் சரியாய்ப் போயிற்று.
வானம் வழுவழுவென்று வந்தது.

அடுத்தது, யார் கண்ணிலும் படாத அச்சு.
நம் பக்கம் வெளியே வருமுன்
இயந்திரம் தன் வயிற்றுக்குள், சுழலும் பட்டையின்மேல்,
மஞ்சள் மெஜந்தா சியான் கறுப்பு என்று
குட்டிக் கட்டங்கள் இட்டுப் பார்த்துக்கொள்கிறது.
ஓர் உணரி அவற்றைப் படிக்கும்.
படித்ததும் ரப்பர் தகடு வழித்து
கழிவுப் புட்டியில் தள்ளிவிடும்.
இருபத்தெட்டுக் கட்டம் எதற்கு, ஏழு போதும்
என்பது அவள் கண்டுபிடிப்பு.
"தாளுக்கே வராததை என்னவென்று எழுத?" என்றேன்.
"ஒத்திகை."
நான் எழுதினேன்:
மேற்படி பட்டையில் தற்காலிகமாக உருவாக்கி நீக்கப்படும்
மேற்படி கட்டங்கள்.

மூன்றாவதில்தான் தகராறு.

புள்ளி வீங்கும்.
டோனர் சூட்டில் இளகி, உருளை நசுக்க, பரவி,
ஒன்று என்று போட்டது ஒன்றேகாலாய் வந்து நிற்கும்.
கீழே வேறு நிறம் இருந்தால் இன்னும் கொஞ்சம்.
எதன்மேல் எது எவ்வளவு பரவும் என்று கணக்கிட்டு
முன்கூட்டியே கழித்துப் போடுவது அவள் முறை.
பதினாறு கோரிக்கைகள். வெள்ளிக்கிழமை முடித்தேன்.

திங்கட்கிழமை ஒரு புகைப்படத்தோடு வந்தாள்.
கெட்சமுக்கு வடக்கே ஓர் ஆஸ்பென் மரம்.
வெள்ளைப் பட்டையில் கறுத்த எழுத்தில்
ஒரு பாஸ்க் ஆட்டிடையனின் பெயர், 1931.

"உங்கள் உறவா?"
"யாரென்றே தெரியாது.
அளந்தேன். இப்போது விரல் அகலம் இருக்கிறது எழுத்து.
பக்கத்து மரத்தில் ஒருவன் ஆழமாய் வெட்டியிருக்கிறான்,
வீங்கி வெடித்து, கரிய கட்டி, வாசிக்க முடியவில்லை.
இவன் கத்தி முனையால் மயிரிழைதான் கீறியிருக்கிறான்.
மிச்சத்தை மரம் எழுதும் என்று தெரிந்திருக்கிறது."
"சரி, அதனால்?"
"இதையும் சேருங்கள். முந்தைய கலை."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
"மரத்தைப் பரிசோதகர் ஏற்கமாட்டார்.
வெளியிடப்பட்டிருக்க வேண்டும்."
"வெளியில்தானே நிற்கிறது?"
"தேதி வேண்டும்."
"போட்டிருக்கிறானே."

படிவத்தில், இரண்டு ஜப்பானியக் காப்புரிமைகளுக்கு நடுவே,
எட்டாம் எண்ணாக எழுதினேன்: ஆஸ்பென், ஒன்று, உயிருடன்.
பக்கங்களின் எண்ணிக்கை என்ற கட்டத்தில்
என்ன போடுவதென்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

பதினோரு மாதம் கழித்துப் பதில்.
மற்ற சான்றுகளைப் பற்றி ஒரு சொல் இல்லை.
எட்டாம் சான்றின் தெளிவான வண்ண நகல் தேவை
என்று ஒரே வரி.

அவளுடைய இயந்திரத்திலேயே அச்சிட்டோம்.
எனக்கு அது மரமாகத்தான் தெரிந்தது.
அவள் உருப்பெருக்கியைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு
பட்டையின் வெள்ளையை வெகுநேரம் மேய்ந்தாள்.
"மெஜந்தா ஏறியிருக்கிறது. இந்த இடத்தில். பாருங்கள்."
பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

தாளை நான்காய் மடித்துச் சட்டைப்பையில் செருகி
ஆய்வகத்துக்குப் போய்விட்டாள்.
கெடு வியாழக்கிழமை.