இரண்டு பக்கமும்

முதலில் வந்தது பாஸ்போர்ட்.
பின்னால்தான் அவள்.
கண்ணாடிமேல் கவிழ்த்து மூடியை அழுத்தினேன்.
முகம் ஒரே இருட்டாய் விழுந்தது.
"கண் தெரியல அக்கா" என்றாள்.
அந்த மூன்று சொல்லும் சுத்தத் தமிழ்,
மீதியெல்லாம் விரல்.
டோனரைக் குறைத்தேன். கண் வந்தது.

சீலநாயக்கன்பட்டி பைபாஸில்
கல்லூரிக்கு எதிரே என் கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன், ஸ்பைரல், ரீசார்ஜ்.
நாலு வருஷப் படிப்பு ஒருத்திக்கு எப்படி நடக்கிறதென்று
காகிதம் காகிதமாய் எனக்குத் தெரியும்.
கமிஷனர் ஆபீஸுக்குத் தங்கும் அனுமதி, ஆறு செட்.
விடுதி ரசீது.
பேங்க் மேனேஜருக்குக் கடிதம்:
பணம் வரத் தாமதம், தயவுசெய்து.
அடுத்த மாதம் அதே கடிதம், தேதியை மட்டும் மாற்றி.
மருந்தியல் நோட்ஸ் நூற்று நாற்பது பக்கம்.
இரண்டு பக்கமும் போடுங்க என்பாள், காசு மிச்சம்.
பிறந்த இடம் ஜிம்மா என்றிருந்தது.
ஆள் இல்லாத மதியத்தில் செல்லில் தேடினேன்,
பச்சையாய் ஒரு மலை வந்தது,
அதற்குள் டேட்டா தீர்ந்துவிட்டது.

படிவத்தில் ஒரு கட்டம், குடும்பப் பெயர்.
பேனாவோடு நின்றுகொண்டே இருந்தாள்.
ஹிருத் அவள். தெமிஸ்ஸே அவள் அப்பா.
அப்பாவுக்குப் பின்னால் அவருடைய அப்பா.
குடும்பத்துக்கென்று தனியாக ஒன்றும் கிடையாதாம்.
எங்களுக்கு மட்டும் இருக்கா என்ன,
என் பெயருக்கு முன்னால் நிற்கிற 'செ'
செங்கோடன், லாரிப் பட்டறையில் வெல்டர்.
இருவரும் சேர்ந்து அந்தக் கட்டத்துக்குள்
அவள் அப்பாவை உட்கார வைத்தோம்.

பிறப்புச் சான்றிதழில் 1996,
பாஸ்போர்ட்டில் 2004.
எது தப்பு என்று கேட்டேன்.
இரண்டும் சரி என்றாள்.
அவர்கள் காலண்டர் ஏழெட்டு வருஷம் பின்னால் வருகிறது,
மாதம் பதின்மூன்று,
விடிந்த பிறகுதான் மணி எண்ணத் தொடங்குவார்கள்.
நம்ம நாழிகைக் கணக்கு மாதிரி என்று சொல்ல வந்தேன்.
அதை எனக்கே சரியாகத் தெரியாது.
விட்டுவிட்டேன்.

சாயங்காலம் எதிர் வண்டியில் தட்டுவடை செட்.
பீட்ரூட் சிவப்பு உதட்டோரம் இருக்க
"காரம் பத்தல அண்ணா" என்று அதட்டுகிறாள்.
பஸ் போர்டை எழுத்துக் கூட்டுகிறாள்:
கொ... ண்... ட... லா...
'ம்' வருவதற்குள் பஸ் போய்விடுகிறது.

தை மாதம் ஒரு ஞாயிறு ஏற்காடு போனாள். தனியாக.
திங்கட்கிழமை கடையில் நின்று சொன்னாள்:
அஸ்தம்பட்டி, கோரிமேடு, அடிவாரம்,
இருபது கொண்டை ஊசி வளைவு,
எட்டாவதில் முன் சீட்டுக் குழந்தை வாந்தி,
அவள் கைக்குட்டை போயிற்று.
ஏரியில் படகு ஏறவில்லை, ரேட் அதிகம்.
மூன்று பேர் செல்ஃபி கேட்டார்கள்,
நாலாவது ஆள் கேட்காமலே எடுத்தான்.
அப்புறம் ரோட்டோர வேலி,
மிளகு ஏறிய சில்வர் ஓக், அதன் நிழலில் செடிகள்.
அங்கே அரை மணி நின்றேன் அக்கா.
என்ன பண்ணினே?
நின்றேன்.

பைக்குள்ளிருந்து ஒரு சின்னக் கிளை.
நாலு இலை, ஏழு சிவப்புப் பழம், இரண்டு நசுங்கி.
வாட்ச்மேன் பார்க்கலையா?
பார்த்தார். அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.
கண்ணாடிமேல் வைத்தாள்.
"ஒரு காப்பி."
சிரிப்பு வர இருவருக்கும் ஒரு நொடி பிடித்தது.

மூடி முழுசாய் மூடவில்லை,
வெளிச்சம் ஓரத்தில் கசிந்து ஓடிற்று.
இலையின் நரம்பு ஒவ்வொன்றும் விழுந்தது,
பழம் மட்டும் வெறும் இருட்டு.
டோனரைக் குறைத்து மறுபடி போட்டேன்.
பழத்தில் வெளிச்சம் வந்தது,
நரம்பு போய்விட்டது.
இரண்டையும் எடுத்துக்கொண்டாள்.
மூன்று ரூபாய் என்றேன். கொடுத்தாள்.

துணியால் துடைத்தும்
அடுத்தவர் ஆதார் அட்டையின் மூலையில்
ஒரு புள்ளி.
இதென்னம்மா என்றார்.
மெஷின் அப்படித்தான் என்றேன்.