மெயினை அணைத்த பிறகு

மஞ்சள் பஞ்சுச் சுருள்கள் பதினான்கு
கூடத்தில் கிடக்கின்றன,
அறை கிடைக்காத விருந்தாளிகளைப்போல.
மேலே ஏற அவற்றுக்கு அவசரம்.
ஜாஹிதுலுக்கும் அவசரம்:
ஐந்து மணிக்கு லாரி பொங்கோலில் இருக்க வேண்டும்.
"அரை மணி நேரம்" என்றேன்.
எலக்ட்ரீஷியன் சொல்லும் அரை மணியை
யாரும் நம்புவதில்லை.

செராங்கூன் கார்டன்ஸ், ஓட்டுக்கூரை,
பிற்பகல் இரண்டே கால்.
ஓட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவில்
தவழ்கிறவளுக்கு மட்டும் இடம் கொடுக்கும் வெக்கை.
கட்டைவிட்டுக் கட்டை முழங்கால் வைக்கிறேன்.
தவறினால் திருமதி சியாவின்
சாப்பாட்டு மேசையில் இறங்குவேன்.

வயரின் நிறத்தில் வீட்டின் வயது தெரியும்.
சிவப்பும் கறுப்பும் முதலில் கட்டியது.
பழுப்பும் நீலமும் பின்னால் இழுத்த படுக்கையறை.
இரண்டும் சந்திக்கும் இடத்தில் பெட்டி இல்லை,
டேப் மட்டும்,
பசை உருகி, தூசி அப்பி.
பக்கத்தில் ஒரு பல்லி
தன் எலும்பை மட்டும் விட்டுப் போயிருக்கிறது.

இத்தனை நாள் இந்த வயர்கள் காற்றில் கிடந்தன.
உடம்பு சுட்டால் தாமாக ஆறிக்கொண்டன.
இனிமேல் தலைக்கு மேல் பஞ்சு.
காய்ச்சல்காரனுக்குக் கம்பளி போர்த்தும் முன்
நெற்றியைத் தொட்டாவது பார்க்க வேண்டாமா?

உயிருள்ள வயரில் முதலில் டெஸ்டரை வைத்தேன்.
கூவியது. நம்பலாம்.
"மெயின் ஆஃப்!" என்று கீழே கத்தினேன்.
விசிறிகள் ஒவ்வொன்றாக மூச்சு விட்டு நின்றன.
டேப் மூட்டில் வைத்தேன், மௌனம்.
அடுத்ததில், மௌனம்.
பொதுச்சுவரை ஒட்டி வந்த
மெல்லிய வெள்ளை வயரில்
கூவியது.

முதலில் என்னைச் சந்தேகித்தேன்.
பிறகு டெஸ்டரை.
மூன்றாவதாகத்தான் வீட்டை.

வயர் போன வழியே டார்ச் போனது.
ஒரு முனை சாமி மாடத்துக்கு மேல் துளையில்.
மறுமுனை, செங்கல் பெயர்த்த இடுக்கு வழியே
பக்கத்து வீட்டில்.

இறங்கி வந்தால், இருண்ட கூடத்தில்
குவான் யின் முன்னால்
சிவப்பு விளக்கு இரண்டும் எரிகின்றன.
"அது அணையாது" என்றார் திருமதி சியா.
"கரண்ட் போன இரவிலும் அணைந்ததில்லை.
அவர் மாட்டியது. அவர் போன பிறகும்..."
மிச்சத்தைச் சொல்லாமல்
எனக்குப் பார்லித் தண்ணீர் ஊற்றினார்.

என்னிடம் ஒரு படிவம் இருக்கிறது.
சரி, சரியில்லை,
வரிக்கு இரண்டு கட்டம்.
இதை எதில் போடுவது?

சொன்னேன். சொல்லாமல் பஞ்சு விரிக்க முடியாது.
அவர் வெகுநேரம் விளக்கைப் பார்த்தார்,
பிறகு சுவரை.
சுவருக்கு அந்தப்பக்கம் மொந்தேரோ.
மாமரக் கிளையை வெட்டியதிலிருந்து பேச்சில்லை.
ஒன்பது வருடம்.

அவரது மெயினையும் அணைத்தாக வேண்டும்,
நான் போகிறேன் என்று எழுந்தேன்.
அதற்குள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

கேட் மணி இரண்டு முறை.
மொந்தேரோ பனியனோடு வந்தார்.
வயர் என்றதும்
"தெரியும்" என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.
உள்ளே போனார்.

நான் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அணையும்போது சத்தமே இல்லை.

மறுபடி ஏறி, தொட்டு, மௌனம்.
மறுபடி தொட்டு, மௌனம். வெட்டினேன்.
நாளைக்குப் பெட்டி, புது வயர்,
இந்த வீட்டு மீட்டரிலேயே சாமிக்குத் தனி சுவிட்ச்.
"எரியுமா?" என்று கேட்டிருந்தார்.
"எரியும். கரண்ட் போனால் அதுவும் போகும்."
"எல்லோரையும் போல" என்றார்.

ஜாஹிதுல் பொங்கோலுக்கு போன் போடுகிறான்.
சுருள்களின்மேல் ஒரு பூனை ஏறிப் படுத்துவிட்டது.
இரண்டு வீட்டிலும் விசிறி இல்லை;
புழுக்கம் தாங்காமல் இரண்டு பேரும்
கேட்டுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும்
நின்று பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

வேலை முடிந்துவிட்டது.
மெயினைப் போடச் சொல்லலாம்.
திருப்புளியைத் துடைக்கிறேன்,
ஏற்கெனவே துடைத்ததை.