தான்

சாட்ஸ்வொர்த், ஏழாம் யூனிட்.
ஒரே கூரை, இரண்டு வீடு.
மேலே தனபாலன், கீழே பூபாலன்,
நடுவில் பதினான்கு படி, ஒரு பல்பு.

மேலே ஒரு விசை, கீழே ஒரு விசை;
கம்பி இழுத்தவள் நான்.
நான் இழுத்த விதத்தில்
இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் எரியும்,
ஒரே பக்கம் சாய்ந்திருந்தால்தான் எரியும்.

‘ஆல்’ போகும் வழி.
‘ஆல்தான்’ அதே வழியில் திரும்பி வருவது.
நான் படிக்கும் தபால்வழிப் பாடத்தில்
இரண்டையும் சேர்த்து
இருபக்கமும் முனையுள்ள அம்பாக வரைந்திருந்தார்கள்.
பிடிக்க இடமில்லாத கத்தி மாதிரி இருந்தது எனக்கு.

பூபாலன் டீயை நீட்டியபடி சொன்னார்:
“அவன் பேசினால் பேசுவேன்.
அவன் பேசினால்தான் பேசுவேன்.”
மேலே ஏறினேன். தனபாலன் டீ கொடுக்கவில்லை,
அதே வாக்கியத்தைக் கொடுத்தார்.

இருவரும் சொன்னது ஆங்கிலத்தில்.
சனிக்கிழமைப் பள்ளித் தமிழில்
நான்தான் போட்டுப் பார்த்தேன், பொருந்தியது.
தான்:
நிபந்தனையும் அதுதான், கர்வமும் அதுதான்.
இரண்டுக்கும் ஒரே எழுத்து என்று
அந்தப் பள்ளியில் யாரும் எச்சரிக்கவில்லை.

அப்பாவின் பக்கி வண்டியை
யாரோ யாரையோ கேட்காமல் விற்று
பதினோரு வருடம்.

பதினோரு வருடமும் அந்த வாக்கியம் மெய்.
ஒருநாள்கூடப் பொய்த்ததில்லை.
அவர் பேசவில்லை, இவர் பேசவில்லை;
இரண்டு இல்லைகள் சேர்ந்து
அம்பைச் சாயாமல் நிறுத்தி வைத்திருந்தன.
பாடப்புத்தகம் இதை ஒரு கட்டத்தில்,
நான்காவது வரியில் சொல்லிவிடுகிறது,
பெருமூச்சு விடாமல்.

அம்பும் இருந்து ஒரு முனையும் கையில் இருந்தால்
மறுமுனை உன்னுடையது.
ஒரு முனை இல்லையென்று தெரிந்தால்
மறுமுனையும் இல்லை.
வெறும் அம்பை மடியில் வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருந்தால் ஒன்றும் வராது.
யார் முதலில் என்று அது சொல்லாது.

பல்பு கொஞ்சம் சொன்னது.
படியில் வெளிச்சம், என் விசை மேல்நோக்கி;
ஆகவே அவனுடையதும் மேல்நோக்கி.
வெளிச்சம், என்னுடையது கீழ்நோக்கி;
ஆகவே அவனுடையதும்.
இருட்டென்றால் எதிரும் புதிரும்.
இப்படி முகம் பாராமலே
அண்ணன் படுக்கப் போனது தம்பிக்குத் தெரியும்,
தம்பி இரவு ஷிப்டு முடிந்து வந்தது அண்ணனுக்கு.

வெள்ளிக்கிழமை போன்:
“விசை வேலை செய்யவில்லை.”
ஏணி போட்டுத் திறந்தேன். பழுதே இல்லை.
திரும்ப மூடும்போது
லோட் ஷெட்டிங், நாலாம் நிலை,
தெரு மொத்தமும் போனது.

இரண்டு விசையும் ஒரே பக்கம். பல்பு எரியவில்லை.
என் ‘ஆல்’ பொய்த்தது.
மின்சாரம் என்ற மூன்றாவது ஆளை
வாக்கியத்தில் சேர்க்க மறந்திருக்கிறேன்.
‘ஆல்தான்’ மட்டும்
இருட்டிலும் அசையாமல் நின்றது.

மேலே கதவு திறந்தது.
“கரண்ட் போச்சா, நீ அணைச்சியா?”

நீ.
அது நானாகவும் இருக்கலாம்.
வாயில் திருகாணியைக் கடித்துக்கொண்டு
மூச்சை அடக்கி ஏணியில் நின்றேன்.

கீழிருந்து, நெடுநேரம் கழித்து:
“போச்சு.”

(நான் கேட்டேன், பேசவில்லை என்று
தனபாலன் பிறகு வாதாடினார்.
நான் பதில் சொன்னேன், பேசவில்லை
என்று பூபாலன்.)

பில்லில் எழுதினேன்:
பழுது ஒன்றுமில்லை. வந்துபோன கூலி
முந்நூறு ரேண்ட்.
அதை யார் கொடுப்பது என்று
படியின் மேலும் கீழும் நின்று
மூன்று வாரமாகச் சத்தம் போட்டுப்
பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

பணம் இன்னும் வரவில்லை.
நானும் கேட்கவில்லை.