நல்ல தண்ணி

காரிமங்கலம் பைபாஸில், பஞ்சர் கடைக்கும்
மாங்கூழ் ஆலையின் பின்சுவருக்கும் நடுவே
ஒரு படகு நின்றது, பதினாலு மாதம்.
இருபத்தோரு அடி. நீலமும் வெள்ளையும்.
மேலே ஒரு வளைகம்பி. அதில் கயிறு கட்டித்தான்
பலகையில் நிற்கிற ஆளை இழுப்பார்கள்.
இங்கே அதில் நாகவேணி துணி காயப்போட்டாள்.

லாரிக்காரர்கள் நிறுத்தி போட்டோ எடுத்தார்கள்.
“அணை உடையப்போகுதா முதலாளி?” என்றான் ஒருவன்.
நானும் சிரித்தேன்.
அது முதல் வாரம்.

கோவளத்தில் இரண்டு சீசன் ஓட்டினேன்.
அலை பெரிதாக வேண்டுமென்றால்
படகின் வயிற்றில் தண்ணீர் நிரப்ப வேண்டும்.
எண்ணூறு லிட்டர் கடலைக் குடித்துவிட்டு
அது பின்பக்கம் தாழ்ந்து போகும்போது
பின்னால் எழும் ஒரே ஒரு மடிப்பு
வழவழவென்று, உடையாமல்.
அதன்மேல் பெங்களூர்ப் பையன்கள் குதித்தார்கள்.
அந்த மடிப்புக்காகத்தான் வாங்கினேன்.
மற்ற காரணமெல்லாம் பேங்குக்குச் சொன்னது.

உப்புக்கு அவசரமே கிடையாது.
போல்ட்டின் கழுத்தில் உட்காரும்.
ஒயர் முனையில் பச்சையாகப் பூக்கும்.
கடன்காரனாவது கதவைத் தட்டுவான்.

“ஓட்டி முடிச்சதும் நல்ல தண்ணி விட்டு
இன்ஜினைக் கழுவினீங்களா?”
அன்வர் பாஷா, உள்ளே தலையை விட்டபடி.
தினமும் கழுவினேன் என்றேன்.
டார்ச் என் முகத்துக்குத் திரும்பியது.
சில நாள் என்றேன்.
“இப்பவாச்சும் கழுவுங்க.”

எங்கள் ஊரில் நல்ல தண்ணி என்றால்
ஒகேனக்கல் குழாய்.
மூன்று நாளுக்கு ஒருமுறை, முக்கால் மணி நேரம்.
மற்றதெல்லாம் போர், ஆயிரத்து இருநூறு அடி.
குடத்தின் அடியில் வெள்ளை, பல்லில் பழுப்பு.
அதை இன்ஜினுக்கு விட்டால்
ஒரு உப்பை இன்னொரு உப்பால் கழுவின கதை.
அதனால் குழாய் வந்த நாளில்
ஓஸை முதலில் படகுக்குச் சொருகினேன்.
பதினோரு குடத்தை வரிசையாக வைத்துக்கொண்டு
நாகவேணி நின்றாள்.
“அதுக்குத் தாகம் தீர்ந்ததும் சொல்லு” என்றாள்.

விற்பனைக்கு. குறைந்த உபயோகம். நீர்நிலையில் மட்டும்.
இப்படித்தான் எழுதினேன்.
கடலும் நீர்நிலைதானே.

தளியில் ஏரிக்கரையில் ரிசார்ட் போடுகிறவர்
திம்மராயப்பா, காரில் வந்தார்.
சீட் உறை புதுசு. எவர்சில்வரெல்லாம் பளபள.
இரண்டு சுற்று சுற்றிவிட்டு
“உப்புத் தண்ணியில ஓடுச்சா?” என்றார்.
“நம்ம பக்கம் எது சார் உப்பு இல்ல?” என்றேன்.
சிரித்துவிட்டார். பிறந்தது நல்லம்பள்ளியாம்.
முன்பற்களில் அதே பழுப்பு.
தப்பித்தேன் என்று நினைத்தேன்.

அப்படியே குனிந்து
வயிற்றுத் தண்ணீரை வெளியேற்றும் பம்ப்புக்குப் பின்னால்,
பாஷாவின் கைகூடப் போகாத இடத்தில்
விரலை விட்டுத் திருகி எடுத்து
நாக்கில் வைத்தார்.
குழம்பில் பதம் பார்க்கிற மாதிரி
கண்ணை மூடிக்கொண்டார்.

“இது போர் இல்லீங்க” என்றார்.
“இது மீன் இருக்கிற உப்பு.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.
புயலுக்கு நாலு நாள் கழுவாமல் கிடந்தது,
ஸ்டார்ட்டர் இரண்டு முறை மாற்றியது,
டிரெய்லருக்கு பிரேக் இருப்பது போலத் தெரிவது.
அவர் கேட்காததையும் சொன்னேன்.
போதும் நிறுத்துடா என்று எனக்கே சொன்னேன்,
நிறுத்தவில்லை.
இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் இறங்கியது.
துரு போல்ட் கிடந்த பக்கெட்டையும்
அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

படகு போனது கிருஷ்ணகிரி பக்கமாக,
வளைகம்பியில் மூன்று துணிக் கிளிப்போடு.

மறுநாள் காலை குழாய் வந்தது. பன்னிரண்டு குடம்.
டயர் தடங்களுக்கு நடுவே
இன்ஜின் தண்ணி சொட்டி வெளுத்த மண்ணை
பஞ்சர் கடை ஆடு நக்கிக்கொண்டிருந்தது.
விரட்டினேன்.
இன்னொன்றைக் கூட்டிக்கொண்டு வந்தது.