கழுத்தெலும்பின் மேல் ஐஸ்

நான்கு முறை திறந்த தலை.
ஐந்தாவதா என்று கேட்கத்தான் பாலம் கடந்து வந்தோம்,
விடிகாலை வாடகைக் காரில்,
அவள் வாந்தியெடுத்த பை என் மடியில்.

நான் தண்ணீர் இலாகா ஆள்.
இரவு இரண்டு மணிக்கு பாகான் லுவாரில்
தார்மேல் இரும்புக் கம்பி ஊன்றி
மறுமுனையில் காது வைப்பேன்.
கசிவு எங்கே என்று தோண்டாமல் சொல்வேன்.
துர்காஷினியின் காதுக்குப் பின்னால் புடைத்த வால்விலும்
ஒருமுறை, அவள் தூங்கும்போது, காது வைத்தேன்.
என் நாடிதான் கேட்டது.

இன்று ஊசி இல்லை, மொட்டை இல்லை.
மிஸ்ஸி ரொக்கையா
குழாய் இறங்கும் தடத்தைக் கழுத்தில் பேனாவால் குறித்தாள்.
கீழே உணரும் பட்டை. மேலே ஐஸ், ஒரு நிமிடம்.
நீர் ஓடினால் குளிரைச் சுமந்து வரும்.
அவ்வளவுதான் கணக்கு.

திரையில் கோடு இறங்கவில்லை.
"அடைப்பா?"
எனக்கே தெரியாத குரல்.
"ஓடாததெல்லாம் அடைத்ததில்லை,
சில நேரம் சும்மா இருக்கும்" என்றார் டாக்டர்.
எனக்கா தெரியாது?
ஊர் தூங்கும்போது பெரிய குழாயும் அப்படித்தான்.

வால்வின்மேல் சின்ன அதிர்வுக் கருவி.
கூச்சத்தில் சிரித்துவிட்டாள்.
மறுபடி ஐஸ்.

முப்பத்து மூன்று புள்ளி ஆறு.
புள்ளி நான்கு.
புள்ளி ஒன்று.

எதற்கும் ஸ்கேன் பார்ப்போம் என்றார்.
நேற்றுத் தின்ற பசம்பூரையும் சந்தேகித்தார்.
உருகிய ஐஸ் பள்ளிச் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.
மிஸ்ஸி டிஷ்யூ நீட்டினாள்.
வாங்கிக் கையில் வைத்துக்கொண்டேன்.
துடைக்கவில்லை.