இரண்டாம் முறை

இனாரி ஏரியின் உறைந்த தளத்துக்கு அடியில்
ஜனவரி முழுக்கத் தொங்கிக் கிடந்தது
கயிற்றில் கட்டிய ஒரு மைக்.
பனிக்கட்டி எத்தனை முறை விரிகிறது என்று
எண்ணிச் சொல்வது ரைலியின் வேலை.
அறிக்கை வெள்ளிக்கிழமைக்குள் போக வேண்டும்.

ஹெட்போனை மாட்டினாள்.
சடசட. தாளில் ஒரு கோடு.
சடசட. இன்னொன்று.
ஒரு மணி நேர ஒலிப்பதிவில் நாற்பத்தொரு கோடுகள்.
"இந்த வருஷம் ஏரிக்கு வாய் நீளம்"
என்றான் பக்கத்து மேசை ஓஸ்மோ.

மதியம் ரொட்டியைக் கடித்தபடி
அதே கணினியில் செய்தி கேட்டாள்.
வாசிப்பவர் தொண்டையிலும் பனிக்கட்டி விரிந்தது.

அப்புறம் எல்லாமே சந்தேகம்தான்.
வயரை மாற்றினாள்.
ஹெட்போனை ஓஸ்மோவின் தலையில் கவிழ்த்தாள்;
அவன் முகமும் சுளித்தது.
போன வாரம் யாரையும் கேட்காமல்
தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது ஆடியோ டிரைவர்.
அதைப் பிடுங்கிப் பழையதை நட்டாள்.
கணினி ஒரு தடவை செத்து எழுந்தது;
கரகரப்பும் கூடவே எழுந்து வந்தது.
நாற்பத்தெட்டாயிரம் என்றது பதிவு,
நாற்பத்து நாலாயிரத்து நூறு என்றது கருவி,
இரண்டையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவந்தாள்.
பஃபரை நான்கு மடங்காக்கினாள்.
வைஃபையை அணைத்ததும்
பாதிச் சத்தம் வாயை மூடிக்கொண்டது.

மீதி?

"அதையே திரும்ப ஓட்டு" என்றான் ஓஸ்மோ.
"ஏரி வெடித்த நொடியில்தான் மறுபடியும் வெடிக்கும்.
இது பொய்சாட்சி,
இரண்டாம் விசாரணையில் நேரத்தை மாற்றிச் சொல்லும்."

சட என்று தனியே எழுதினால்
தமிழில் அது ஒன்றுமில்லை,
இரட்டித்தால்தான் உயிர்.
தமிழ் என்றொன்று இருப்பதே ரைலிக்குத் தெரியாது.
ஆனாலும் அந்த இலக்கணப்படிதான்
முதல் தாள்மேல் இரண்டாம் தாளை வைத்து
மேசை விளக்குக்கு நேரே பிடித்தாள்.
கோட்டின்மேல் கோடு விழுந்தவை
ஆறு.

பதினேழாம் நிமிடத்தில் ஒன்று இருந்ததே,
நீண்டு, வளைந்து,
தூரத்தில் யாரோ துணி கிழிக்கத் தொடங்கி
மனம் மாறி நிறுத்தியது போல?
நேற்றிரவு மகள் வென்லாவுக்கு
அதை வாயாலேயே செய்துகாட்டி
"ஏரி உன்னை விசாரித்தது" என்றிருந்தாள்.

இரண்டாம் முறை அந்த இடத்தில் வெறும் தண்ணீர்.
மூன்றாம் முறையும்.
ஓஸ்மோ காப்பிக்குப் போன நேரம் பார்த்து
கெட்ட டிரைவரையே திரும்ப ஏற்றி,
வைஃபையையும் போட்டுக் கேட்டாள்.
எங்கெங்கோ கரகரத்தது,
அங்கே இல்லை.

அறிக்கையில் ஆறு என்று எழுதினாள்.

நான்கு மணிக்குப் பள்ளிப் பேருந்து.
இறங்கிய வென்லா
கரையோரக் கட்டிகளைப் பூட்ஸால் எத்திக்கொண்டே
அந்தச் சத்தத்தைப் போட்டாள்,
நீட்டி, வளைத்து,
நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி.

"இன்னொரு முறை" என்றாள் ரைலி.